பாத்துக்கோ

மேலாளர் வேங்கடரத்தினம் சார் அவர்களுக்கு,
மணலி யார்டு, இரண்டாம் கேட், இரவு ஷிப்ட்
எழிலரசி எழுதுவது.

நீங்கள் கொடுத்த மெமோ கிடைத்தது.
'பணியில் கவனக்குறைவு' என்று இருக்கிறது.
எந்தப் பணியில் என்று இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று தந்த தாளை
ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறேன்.
மூன்று வரி.
ஒன்று, வெளியே போகும் பெட்டியின் சீல் நம்பரைப்
பேப்பரோடு ஒத்துப்பார்ப்பது.
இரண்டு, ரிஜிஸ்டரில் எழுதுவது.
மூன்று, 'மற்றும் இதர பணிகள்'.

முதல் இரண்டும் ஆறு வருஷமாக
அப்படியேதான் இருக்கின்றன.
மூன்றாவது வளர்ந்துவிட்டது சார்.
எடைமேடை பிரிண்டரில் காகிதம் சிக்கினால் இதர.
எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசை நகராமல்
டிரைவர்கள் கேட்டை உதைத்தால் இதர.
கஸ்டம்ஸ்காரருக்குச் சர்க்கரை போடாத டீ இதர.
மழைநாளில் குளிர்பெட்டி வயருக்குக் கீழே
சுருண்டு கிடந்த சாரைப்பாம்பு,
அதுவும்.
உங்கள் மகளின் காலேஜ் விண்ணப்பத்தைத்
தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
கொடுத்து வாங்கி வந்ததை
எதில் சேர்ப்பதென்று தெரியாமல்
அதிலேயே சேர்த்தேன்.
இடம் கிடைத்துவிட்டதாமே. சந்தோஷம்.

பதினேழாம் தேதி, இரவு இரண்டே கால்.
எதிரே ஆலைக் குழாயின் உச்சியில் தீ.
அதற்கு ஒரே வேலை, எரிவது.
நீங்கள் போன் செய்தீர்கள்.
'ஆபீஸ் ஏசியில தண்ணி ஒழுகுதாம்,
ஃபைலெல்லாம் நனையுமே, கொஞ்சம் பாத்துக்கோ.'
கேட்டை யார் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும். கேட்டால்
'இதக்கூடவா சொல்லணும்' என்பீர்கள் என்று
நாக்கு தானே மடிந்துகொண்டது.

தாவூத் சேர்ந்து ஒன்பது நாள்.
கொடுங்கையூர்ப் பையன்.
டார்ச்சை அவன் கையில் திணித்துவிட்டு
பக்கெட்டோடு ஓடும்போது நானும் சொன்னேன்,
'டேய், கேட்டைப் பாத்துக்கோ.'

பார்த்தான் சார்.
சத்தியமாகப் பார்த்தான்.
ஹாரன் அடித்ததும் கட்டையைத் தூக்கிவிட்டு
நாற்பதடி நீலப் பெட்டி,
சீல் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு முறுக்குக் கம்பியோடு
மெல்லத் திரும்பி, பாலத்துப் பக்கம் மறையும்வரை
டார்ச் அடித்து
கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறான்.
'பாத்துக்கினுதான்க்கா இருந்தேன்,
நிறுத்தணும்னு நீ சொல்லலியே'
என்றான் விடிந்ததும்.

முதலில் சிரிப்பு வந்தது.
அப்புறம் வரவில்லை.
உங்களிடமிருந்து கிளம்பிய ஒரு சொல்
என் வழியாக
அவனிடம் போய் இறங்கியிருந்தது.
உள்ளே என்ன இருக்கிறதென்று
வழியில் ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை.
காலி சார். காலிப் பெட்டி.

அந்த நீலப் பெட்டி
மாதவரத்திலேயே கிடைத்துவிட்டதாம்.
சரக்கு குறையவில்லை என்கிறார்கள்.
என் சம்பளத்தில் மூன்று நாள் குறையும் என்கிறார்கள்.
அதைப் பிறகு பேசுவோம்.

நேற்று நான் தாவூத்துக்கு எழுதிக் கொடுத்தேன்,
பிஸ்கட் அட்டையின் பின்பக்கம், மார்க்கரில்.
சீல் இல்லையா, கட்டையைத் தூக்காதே.
நம்பர் ஒத்துவரவில்லையா, தூக்காதே.
சந்தேகமா, என்னைக் கூப்பிடு.
நான் இல்லையா, தூக்காதே,
எவன் எத்தனை ஹாரன் அடித்தாலும்.

விரல் வைத்துப் படித்தான்.
படித்து முடித்துக் கேட்டான்,
'மேனேஜரே வந்து தூக்குன்னா?'

அந்த வரியை மட்டும்
எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன்.
நீங்கள் எழுதித் தாருங்கள் சார்.
கையெழுத்தும் போட்டு.

இப்படிக்கு,
எழிலரசி